பழ வாசம் வந்த வண்டி

சர்வீஸ் கவுண்டர்ல புதுசா உக்காந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

உங்க டேப்லெட்ல கம்ப்ளைன்ட் லிஸ்ட்டைத் திறந்தா கடைசியில 'வாசனை'ன்னு ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டா, கஸ்டமர் சொன்னதை அப்படியே டைப் அடிக்காம அடுத்த பக்கத்துக்கு விடாது. போன வாரம் உங்கள்ல ஒருத்தி எனக்கு போன் போட்டு, "என்னக்கா இது தலைவேதனை, வரிசையில ஆளு நிக்கும்போது உக்காந்து கதையா எழுதிக்கிட்டிருக்க முடியும்?"னு கேட்டா. அந்த வரியைப் போடச் சொல்லி ஒத்தக்கால்ல நின்னவ நான்தான். திட்டுறதா இருந்தா என்னையே திட்டுங்க. ஆனா எதுக்குன்னு தெரிஞ்சுகிட்டுத் திட்டுங்க.

நான் நேரா விஷயத்துக்கு வர்ற ஆளு கிடையாது, அது உங்களுக்கே தெரியும். இருபத்தெட்டு வருஷம் கவுண்டர்ல உக்காந்து மத்தவங்க கதையைக் கேட்டவ. இப்ப என் கதையைச் செத்த நேரம் கேளுங்க.

ராஜபாளையத்துல நான் வேலைக்குச் சேந்தப்ப எல்லாம் பெட்ரோல் வண்டிதான். காலையில எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்குனா, மில்லுல ராத்திரி ஷிப்ட் முடிச்சவங்க தலைமுடியில பஞ்சு ஒட்டியிருக்க வரிசையில நிப்பாங்க. ஒரு பக்கம் ஆக்ஸிலேட்டரைத் திருகுற சத்தம், ஒரு பக்கம் ஸ்பேனர் விழுற சத்தம், அதுக்கு நடுவுல டீ கிளாஸ் சத்தம். தெருமுனையில வண்டி திரும்பும்போதே யாரு வாராங்கன்னு சொல்லிருவேன். சைலன்சர்ல ஓட்டை விழுந்த வண்டி வாத்தியாரோடது, செயின் தட்டுற வண்டி பூக்காரரோடது. அந்தக் காலைநேரத்தை நெனச்சா இப்பவும் மனசு கிடந்து அடிச்சுக்கிடும். உங்க கவுண்டர்ல ஏசி இருக்கு, சோபா இருக்கு, எல்லாம் இருக்கு. எனக்கு அந்த ஆயில் நாத்தம் இல்லாம ஒரு மாதிரியாத்தான் இருக்கு, என்ன செய்ய?

எங்க ஃபோர்மேன் வீட்ல தெலுங்கு பேசுறவரு. கடையில எங்ககிட்ட தமிழ்தான். ஆனா கோபம் வந்தா தெலுங்குக்குப் போயிருவாரு, அதனால எனக்குத் தெலுங்குல முதல்ல தெரிஞ்சதெல்லாம் திட்டுதான். நான் சேந்த புதுசுல ஒரு தேங்காய் வியாபாரி வந்தாரு. "வண்டிக்கு விக்கல் எடுக்குதும்மா"ன்னாரு. நான்தான் டைப்ரைட்டிங் எல்லாம் முடிச்ச மேதாவியாச்சே! ஜாப் கார்டுல அழகா 'ஸ்டார்ட்டிங் டிரபிள்'னு எழுதினேன். கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவி மாட்டுனாங்க. மனுசன் திரும்ப வந்தாரு. மறுபடியும் கழுவுனாங்க. மூணாவது தடவை வந்தப்ப வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாம அப்படியே சாத்திட்டு, "ஏலே, யாராவது என் வண்டியைப் பாத்தீங்களா இல்லியாலே?"ன்னு கத்தினாரு.

ஃபோர்மேன் அவரை ஸ்டூல்ல உக்கார வச்சு டீ சொன்னாரு. எப்ப விக்கல் எடுக்குதுன்னு கேட்டாரு. "வத்திராயிருப்புலருந்து மூட்டையோட மேட்டுல ஏறும்போது மட்டும்தான்"னாரு வியாபாரி. கிளட்ச் பிளேட் தேஞ்சுபோச்சு, அம்புட்டுதான் சங்கதி. அவரு போன பொறவு ஃபோர்மேன் என் கார்டை எடுத்துப் படிச்சாரு. "வண்டி அவரோடது. சொன்னதும் அவரு. நடுவுல உன்னை யாரும்மா மாத்தச் சொன்னா?"ன்னாரு. தமிழ்ல சொன்னதால கோபம் இல்லைன்னு புரிஞ்சுது. ஆனா திட்டிருந்தாக் கூட அப்படி உறைச்சிருக்காது.

அதுலருந்து நான் கேட்டதைக் கேட்டபடியே எழுதுவேன். 'காலையில எழுப்புனா முனங்குது.' 'பிரேக்கு அடிச்சா வலது பக்கம் பாத்துக் கும்பிடுது.' 'என் வீட்டுக்காரர் ஓட்டுனா ஓடுது, நான் ஓட்டுனா நிக்குது.' மெக்கானிக்குங்க அதை உரக்கப் படிச்சுச் சிரிப்பாங்க. சிரிச்சாலும் வேலை ஒரே தடவையில முடியும். அந்தக் கார்டுகளைக் கட்டுக்கட்டா பரண்ல போட்டிருந்தோம். கடையை இடிச்சுக் கட்டுனப்ப எங்க போச்சோ, தெரியல.

பொறவு முதலாளி எலெக்ட்ரிக் வண்டிக்கு மாறினாரு. ஃபோர்மேன் அதுக்கு முன்னாலேயே ஓய்வு வாங்கிட்டாரு. முதல் ஒரு வாரம் எனக்குக் காதுல பஞ்சு வச்ச மாதிரியே இருந்துச்சு. வண்டி வருது, நிக்குது, சத்தமே இல்ல. ஒருத்தர் பின்னால வந்து நின்னு "அக்கா"ன்னதும் பதறி எந்திரிச்சிருக்கேன். வாங்க வந்தவங்க கேட்ட முதல் கேள்வி, "ரிசர்வ் உண்டாக்கா?" சார்ஜ் தீந்து வழியில நின்ன ஒருத்தர், பழைய ஞாபகத்துல வண்டியை ஒரு பக்கமா சாய்ச்சு ஆட்டிப் பாத்திருக்காரு. அவரே வந்து சொல்லிச் சிரிச்சாரு.

ஆனா நல்லாவே பிடிச்சுக்கிட்டாங்க. மில்லு வேலைக்குப் போற பொம்பளப் பிள்ளைக, பால்கோவாவுக்குப் பால் ஊத்துறவங்க, டியூஷன் எடுக்கிற டீச்சருங்க, எல்லாரும் வாங்கினாங்க. உதைக்க வேண்டாம், கியர் வேண்டாம், பெட்ரோல் பங்க்ல வெயில்ல நிக்க வேண்டாம். நம்ம மாதிரி ஊருக்கு இனிமே இதுதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான் சொல்லப்போறதைக் கேட்டுட்டு எலெக்ட்ரிக் வண்டியே ஆகாதுன்னு யாரும் கிளம்பிறாதீங்க. தப்பு என் பக்கம்.

அப்ப டேப்லெட் புதுசு. கார்டு இல்ல, பேனா இல்ல. கம்ப்ளைன்ட் எல்லாம் ரெடியா வரிசையா இருக்கும், விரலால தொட்டா போதும். சார்ஜ் ஏறல, ரேஞ்ச் குறையுது, டிஸ்ப்ளே தெரியல, பிரேக் சத்தம். எதுலயும் சேராததுக்கு 'இதர'ன்னு ஒண்ணு. எனக்கு வயசு ஐம்பத்தஞ்சு ஆயிருந்துச்சு, எழுதி எழுதி விரல் வீங்கியிருந்துச்சு. சொகுசு யாருக்குத்தான் கசக்கும்? தொட்டுத் தொட்டுப் பழகிட்டேன்.

ஒரு மே மாசம். ஊரு முழுக்க மாம்பழம். பஸ் ஸ்டாண்டுல மாம்பழம், தள்ளுவண்டியில மாம்பழம், எங்க கவுண்டருக்குக் கீழேயே ஒரு பை சப்பட்டை மாம்பழம் இருந்துச்சு. அன்னைக்கு வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு. அப்ப பேச்சியம்மா வந்தா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். எங்ககிட்ட வாங்கின வண்டியில பழக்கூடையைக் கட்டித் தெருத்தெருவா விக்கிறவ. புருஷன் இல்ல, பிள்ளை இல்ல, பக்கவாதத்துல படுத்துட்ட அப்பா மட்டும். வாய் ஓயாம பேசுவா, வந்தா கடையே கலகலன்னு இருக்கும்.

"அக்கா, வண்டியில பழ வாசம் வருதுக்கா"ன்னா.

கவுண்டர்ல நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்குதே! "மாம்பழம் ஏத்துற வண்டியில மல்லிகைப்பூ வாசமா வரும்?"னேன். இன்னும் சிரிப்பு. அவளும் கூடச் சிரிச்சா. ஆனா நகரல. "இல்லக்கா, இது நம்ம பழம் இல்ல. எனக்குப் பழம் தெரியாதாக்கா? இது ஒரு மாதிரி இனிப்பா, மூக்குல ஏறுது. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தா வருமே, அதையும் பழத்தையும் கலந்தாப்புல. சார்ஜ் போடும்போது கூடுதலா வருது. அப்பா கட்டிலுக்குப் பக்கத்துலதான்க்கா சார்ஜ் போடுறேன், வீட்ல அங்கதான் பிளக்கு இருக்கு. அவரு லைட்டைப் பாத்துக்கிட்டே கிடப்பாரு. பச்சை வந்ததும் எதுத்தாப்புல பாய் கடைக்குச் சத்தம் குடுப்பாரு, பாய் வந்து புடுங்கி விடுவாரு. எங்கப்பாவுக்கு இப்ப அதுதான் உத்தியோகம்."

அதுக்கும் சிரிச்சோம். லிஸ்ட்ல பாத்தேன், வாசனைக்குன்னு வரி இல்ல. 'இதர'வைத் தொட்டேன். கூட ஒண்ணும் எழுதல. கூடைச் சாறு வடிஞ்சு சீட்டுக்குக் கீழ ஊறியிருக்கும்னு நானே முடிவு பண்ணி, "ஓசியில ஒரு வாட்டர் வாஷ் போட்டு விடுங்கப்பா"ன்னு உள்ள அனுப்பினேன். நல்லா பிரஷர்ல தண்ணி அடிச்சுக் கழுவி, துடைச்சு, பளபளன்னு குடுத்தாங்க. போகும்போது ரெண்டு பழத்தை கவுண்டர்ல வச்சுட்டுப் போனா மகராசி.

ரெண்டு நாள் கழிச்சு, மத்தியானம் பன்னண்டு மணி தாண்டியிருக்கும். ஏதோ பில்லைக் கேக்கிறதுக்காக ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால போனேன். எங்க டெக்னீஷியன் செல்வம், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய ஒரு கெட்டுப்போன பேட்டரிப் பொட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு, முகத்துல துணி கட்டி நின்னான். உள்ள காலை வச்சதும் குப்புன்னு வாசம்.

"யாருப்பா இங்க பழத்தை அழுக விட்டிருக்கது?"ன்னேன்.

"பழம் எங்கக்கா இருக்கு? செல் லீக் ஆகியிருக்கு. உள்ள இருக்கிற திரவம் வெளிய வந்தா இப்படித்தான் வாசம் வரும். கிட்ட வராதீங்க"ன்னான்.

இனிப்பா, மூக்குல ஏறுற மாதிரி. நகப்பூச்சும் பழமும் கலந்தாப்புல.

"செல்வம், இது மாதிரி வாசம் வர்ற வண்டியைத் தண்ணி அடிச்சுக் கழுவி, பொறவு சார்ஜ் போட்டா என்ன ஆகும்?"னு கேட்டேன். அவன் முகத்துத் துணியை இறக்கிட்டு, "யாரு வண்டிக்கா?"ன்னான். அவன் முகத்தைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

பேச்சி காலையில வித்து முடிச்சு பன்னண்டு மணிக்கு வீட்டுக்கு வருவா. வண்டியை அப்பா பக்கத்துல நிறுத்தி சார்ஜ் போட்டுட்டு, மறுநாள் பழத்துக்காக வத்திராயிருப்பு பஸ் ஏறிருவா. அவளே எத்தனையோ தடவை சொன்னதுதான். ஓடி வந்து அவ நம்பருக்கு அடிச்சேன். மணி அடிக்குது, அடிக்குது, எடுக்கல. திரும்ப அடிச்சேன். எடுக்கல.

மேனேஜர் ரூமுக்குள்ள போய்ச் சொன்னேன். அவரு கெட்ட மனுசன் கிடையாது. பொண்டாட்டி நகையை வச்சு இந்த ஏஜென்சியில பங்கு போட்டவரு. வேற எங்கேயோ வண்டி எரிஞ்ச வீடியோ ஒண்ணு அந்த மாசம்தான் எல்லார் போன்லயும் சுத்திக்கிட்டிருந்துச்சு, புக் பண்ணினவங்க பாதிப் பேரு பின்வாங்கிட்டாங்க. அவரு மெதுவா, "அக்கா, பதறாதீங்க. சாயங்காலம் வேனை அனுப்பி வண்டியை எடுத்துட்டு வந்துருவோம். அதுவரைக்கும் தீ கீன்னு யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. ஊர்ல ஒரு வார்த்தை போதும், நம்ம கடையை மூட வேண்டியதுதான்"னாரு.

பிள்ளைகளா, இந்த இடத்தை நல்லா கேட்டுக்கோங்க. எனக்கு உடனே வண்டியை எடுத்துக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறக்கணும்னுதான் வந்துச்சு. சாவியைக் கூட கையில எடுத்துட்டேன். பறந்தாலும் அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரமும் அந்த மனுசன் எந்திரிக்க முடியாம அதுக்குப் பக்கத்துலயே கிடப்பாரு. சாவியைக் கீழ வச்சேன். அவ வண்டி வாங்கினப்ப குடுத்த ரெண்டாவது நம்பர் யாரோடதுன்னு தேடினேன். பாய் கடை நம்பர். அன்னைக்கு நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

"பாய், பேச்சி வண்டி வீட்ல நிக்குதா?"

"இப்பத்தாம்மா வந்து சார்ஜைப் போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடுச்சு. கால்மணி நேரம் இருக்கும். யாரு பேசுறது?"

"நான் வண்டிக் கம்பெனியிலருந்து பேசுறேன். உடனே அவ வீட்டு மெயினை ஆஃப் பண்ணுங்க. பொறவு பெரியவரைக் கட்டிலோட வெளிய தூக்கிருங்க. வண்டியைத் தொடாதீங்க."

"கட்டிலோடயா? என்னம்மா சொல்லுத? கடையில ஆளு நிக்குது. பக்கவாதக்காரரை எதுக்கு வெயில்ல தூக்கணும்? விஷயம் என்ன?"

மேனேஜர் எனக்கு எதுத்தாப்புல நின்னு, ரெண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. நான் அவரைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன்.

"பாய், வண்டி தீப்பிடிச்சுரும். பெரியவரைக் காப்பாத்துங்க."

போனைக் கூட வைக்கல அவரு. "ஏலே, ரெண்டு பேரு ஓடி வாங்கலே!"ன்னு அவரு கத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு. மேனேஜர் நாற்காலியில உக்காந்துட்டாரு.

கடைக்குப் பின்னால மறைவா நிறுத்தியிருந்த என் பழைய பெட்ரோல் ஸ்கூட்டியை எடுத்தேன். சிரிக்காதீங்க. எலெக்ட்ரிக் கம்பெனியில வேலை, வீட்டுக்குப் போறது பெட்ரோல் வண்டியில. பழகின வண்டியை விட மனசு வரல. செல்வம் பின்னால ஏறிக்கிட்டான். எனக்குத் தெரிஞ்ச சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கிட்டே ஓட்டினேன்.

தெருவுக்குள்ள திரும்பினா ஒரே கூட்டம். பாய் கடைத் தகரத்துக்குக் கீழ கட்டில். கட்டில்ல பெரியவரு, உயிரோட, கோபத்தோட. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. அவரு வாய் ஒரு பக்கம் கோணினாலும் பேச்சு தெளிவுதான். "யாரு இவ? இன்னும் பச்சையே வரல, எவன் ஆஃப் பண்ணச் சொன்னது? வண்டிக்குள்ள போன் வேற அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு. அந்தப் பிள்ளை மறந்துட்டுப் போயிருக்கு"ன்னாரு. நான் அடிச்ச போன் எல்லாம் சீட்டுக்குக் கீழ, அவரு தலைமாட்டுலதான் அடிச்சிருக்கு.

செல்வம் மட்டும் உள்ள போனான். நான் வாசல்ல நின்னு, "தொடாதலே, தொடாத"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவன் புறங்கையை வச்சுப் பாத்துட்டு, "சூடு இருக்கு, ஆனா கை வைக்க முடியுது. இப்பத் தள்ளலைன்னா பொறவு தள்ள முடியாதுக்கா. வீடும் போயிரும்"னான். வேண்டாம்னு சொல்லணுமா, சரின்னு சொல்லணுமான்னு எனக்குத் தெரியல. அவனுக்கும் வீட்ல ஒரு கைக்குழந்தை. அவனே முடிவு பண்ணிட்டான். உருட்டிக்கிட்டு வந்து தெருக்கோடியில இருந்த காலி மனையில, நடு மண்ணுல நிறுத்திட்டு ஓடி வந்தான்.

அதுக்குப் பொறவுதான் எனக்குச் சோதனை. ஒண்ணும் ஆகல. ஒரு மணி ஆச்சு, ரெண்டு மணி ஆச்சு, வண்டி அது பாட்டுக்கு வெயில்ல நிக்குது. வேடிக்கை பாத்தவங்க முதல்ல பேசாம நின்னாங்க, பொறவு சிரிக்க ஆரம்பிச்சாங்க. "எங்கம்மா தீ? டிக்கெட் எடுக்கணுமா?"ன்னான் ஒருத்தன். பாய் மட்டும் எனக்கும் செல்வத்துக்கும் கலர் சோடா உடைச்சுக் குடுத்தாரு. நான் பாட்டிலைக் கையிலேயே வச்சிருந்தேன். தப்பா சொல்லிட்டேனோ, மேனேஜர் குடும்பத்தைத் தெருவுல நிறுத்திட்டேனோன்னு திரும்பத் திரும்ப அதே நெனப்பு. எரிஞ்சுராதா, அந்த எழவு எரிஞ்சு தொலையாதான்னு கூட ஒரு நிமிஷம் நெனச்சேன். என் மூஞ்சியைக் காப்பாத்திக்க அவ பொழப்பு எரியணும்னு நெனச்சேன் பாருங்க. அதை நெனச்சு இன்னைக்கும் வெக்கப்படுதேன்.

ரெண்டரை மணி இருக்கும், பேச்சி வந்தா. ரெண்டு கையிலயும் கூடை. தெருமுனையில திரும்பினவ கண்ணுக்கு முதல்ல பட்டது வெளிய போட்டிருந்த அப்பா கட்டில், அதைச் சுத்தி ஆளுக. கட்டில் தெருவுக்கு வந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். கூடையை அப்படியே போட்டுட்டு, "எப்பா!"ன்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க, தெருவே திரும்பிப் பாத்துச்சு. பழமெல்லாம் ரோட்டுல உருண்டு ஓடுது.

"இருக்கேன்ட்டி, கத்தாத"ன்னாரு பெரியவரு.

அவரு நெஞ்சுல கையை வச்சுப் பாத்துட்டு, பொறவுதான் என் பக்கம் திரும்பினா. "என்னக்கா கூத்து இது? தெருவே பாக்க எங்கப்பாவை இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க? வண்டி எங்க?"

"பேச்சி, நீ அன்னைக்குச் சொன்ன பாரு வாசம், அது பேட்டரி கெட்டுப்போன வாசம். நீ சொன்னதை நான் எழுதல. கேட்டுச் சிரிச்சேன். போதாததுக்குத் தண்ணி அடிச்சுக் கழுவச் சொன்னேன். எல்லாம் நான் செஞ்ச தப்பு."

கத்தியிருந்தா தாங்கியிருப்பேன். மெதுவாத்தான் கேட்டா. "அப்பா பக்கத்துலதான் சார்ஜ் போடுறேன்னு சொன்னேன்லக்கா?"

"சொன்ன."

அப்பதான் காலி மனைப் பக்கம் பட்டாணி பொரியுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. செல்வம் கையை விரிச்சுக்கிட்டு எல்லாரையும் பின்னால தள்ளினான். சீட்டுக்குக் கீழருந்து வெள்ளையா புகை, புஸ்ஸுன்னு சீறுது. பொறவு ஒரே வீச்சுல தீ. சீட்டு, ஹேண்டில், கூடை கட்டுற கம்பி, எல்லாம் கண்ணு முன்னாலயே போச்சு. தீயணைப்பு வண்டி வந்து அடங்கினப்ப எங்க மேனேஜரும் வந்து சேந்திருந்தாரு. வீட்டு வாசலையும், உள்ள கட்டில் கிடந்த இடத்தையும் பாத்தாரு. பொறவு கம்பெனியோட மல்லுக்கட்டி பேச்சிக்குப் புது வண்டி வாங்கிக் குடுத்தது அவருதான், அதையும் சொல்லணும்.

கூட்டம் கலைஞ்சுது. பெரியவரு மட்டும் அந்தக் கரி பிடிச்ச கம்பியையே பாத்துக்கிட்டுக் கிடந்தாரு. ரொம்ப நேரம் கழிச்சு, "இந்த வாசம் நாலஞ்சு நாளாவே எனக்கும் வந்துச்சுட்டி"ன்னாரு.

"எப்பா! வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

அவரு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. "நீ எனக்குன்னு ஒரு பழத்தை வண்டிக்குள்ள வச்சிருக்கன்னு நெனச்சேன். சுகர்காரனுக்குக் குடுக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கியோ என்னமோன்னு நெனச்சேன். கேட்டா உனக்குச் சங்கடம். நீயா எடுத்துத் தருவன்னு தினமும் பாத்துக்கிட்டே கிடந்தேன்."

பேச்சி எந்திரிச்சுப் போனா. ரோட்டுல உருண்டு கிடந்ததுல அடிபடாத ஒண்ணாப் பாத்து எடுத்து, முந்தானையில துடைச்சா. பாய்கிட்டக் கத்தி வாங்கிக் கட்டில் ஓரத்துல உக்காந்து அறுத்தா. முதல் துண்டை அப்பா வாயில வச்சா. கோணின பக்கமா சாறு வழிஞ்சதை விரலால வழிச்சு விட்டா. அவரு கண்ணை மூடிக்கிட்டாரு.

ரெண்டாவது துண்டை அறுத்து என் பக்கம் நீட்டினா. முகத்தைப் பாக்கல. "காலையிலருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, தின்னுங்கக்கா"ன்னா.

நான் கையை நீட்டி வாங்கினேன். தின்னு முடிச்சுட்டு, சாறு ஒட்டின கையோடவே மேனேஜர்கிட்டப் போய், "லிஸ்ட்ல வாசனைக்குன்னு ஒரு வரி வேணும், சொன்னதை அப்படியே எழுதுற வரி"ன்னேன்.